கொள்ளைநோய்க் காலத்தில் கல்லூரி ஃபுட்பால்: பையனை ஆட விடலாமா?

கேள்வி: நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். என் மகன் சாக்கர் ஆடி வளர்ந்தவன். அவன் உதைப்பதைப் பார்த்துவிட்டு ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் அணியில் சேர்த்துக்கொண்டார். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறான்; ஒரு பெரிய கல்லூரியில் கிக்கராக, அதாவது பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரனாக, கையெழுத்துப் போடப்போகிறான். வீட்டில் ஒரு வாக்குவாதம் தீரவே மாட்டேன் என்கிறது. “2020இல் கொரோனா நடுவிலும் ஆடினார்கள், பசங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீணாகப் பயந்தார்கள்” என்கிறார் என் கணவர். டிவி பணத்துக்காகப் பிள்ளைகளைப் பணயம் வைத்தார்கள் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி? இன்னொரு முறை அப்படி ஒன்று வந்தால் அவனை ஆட விடலாமா? வருஷத்தில் ஆறு மாதம் என் மாமனார் மாமியார் எங்களோடுதான் இருப்பார்கள், இருவருக்கும் சர்க்கரை. கையெழுத்துப் போடும் முன்பே கல்லூரியிடம் என்ன கேட்டு வைக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

விளையாட்டு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சறுக்குவது “ஒன்றும் ஆகவில்லை” என்ற இடத்தில். நீங்கள் கணக்கில் எடுக்காதது, ஆட வேண்டும் என்று அன்று முன்னால் நின்று குரல் கொடுத்தவர்கள் பிள்ளைகளே என்பது. 2020 ஆகஸ்ட் 10 அன்று கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் ட்ரெவர் லாரன்ஸும் மற்ற ஆட்டக்காரர்களும் “நாங்கள் ஆட விரும்புகிறோம்” என்று சேர்ந்து அறிவித்தார்கள். மறுநாளே பிக் டென், பேக்-12 என்ற இரண்டு பெரிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகளும் அந்த வருஷ ஆட்டப் பருவத்தைத் தள்ளிவைத்தன. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தொடங்கிய கோரிக்கை மனுவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆட்டக்காரர்களின் அந்த அறிவிப்பிலேயே இன்னொன்றும் இருந்தது: எல்லாக் கூட்டமைப்புகளுக்கும் பொதுவான பாதுகாப்பு விதி வேண்டும், வேண்டாம் என்று ஒதுங்குபவனுக்கு உரிமை வேண்டும். ஊடகங்களில் “ஆட விடு” மட்டும்தான் பெரிதாக ஒலித்தது.

என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் பிக் டென் தள்ளிவைத்தது சரி. அக்டோபரில், தினமும் பரிசோதனை செய்ய வழி கிடைத்த பிறகு ஆடியதும் ஏற்கத்தக்கது. வாரம் ஒரு பரிசோதனைக்குக்கூட வசதியில்லாத கல்லூரி ஆடக்கூடாது. கேலரியில் ரசிகர்களை உட்காரவைத்தது யாருக்கும் தேவையில்லாத ஆபத்து. நவம்பர் 7 அன்று நோட்ரே டேம், கிளெம்சனை 47–40 என்று வென்றதும் மாணவர்கள் கும்பலாக மைதானத்துக்குள் குதித்ததை நாடே டிவியில் பார்த்தது. அதே கல்லூரி ஆகஸ்டில் தொற்று ஏறியதால் இரண்டு வாரம் நேரடி வகுப்புகளை நிறுத்திவைத்திருந்தது.

ஆக, “ஆடலாமா, கூடாதா” என்று ஒற்றைச் சொல்லில் விடை கேட்டால் தப்பான விடைதான் கிடைக்கும். எத்தனை நாளுக்கு ஒரு பரிசோதனை, நிறுத்தும் அதிகாரம் யாரிடம், வேண்டாம் என்பவன் எதை இழக்கிறான் என்ற மூன்றையும் கேட்டால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விடை வரும்.

பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. சனிக்கிழமை ராத்திரி ஒரு பார்ட்டியில் ஒரு பையனுக்குத் தொற்றுகிறது என்று வையுங்கள். ஞாயிறு பரிசோதித்தால் நெகட்டிவ். திங்களும் நெகட்டிவ், ஏனென்றால் மூக்கில் வைரஸ் இன்னும் எண்ணிக்கையில் பெருகவில்லை. செவ்வாய், புதன் வாக்கில்தான் ஏறும். காய்ச்சலும் தொண்டை வலியும் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவன் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவான். அன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் வழிகாட்டுதல், ஆட்டத்துக்கு 72 மணி நேரத்துக்குள் ஒரு பரிசோதனை என்பது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன் பரிசோதனை என்றால், செவ்வாயும் புதனும் அந்தப் பையன் அணிக் கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பான். தினப் பரிசோதனை இருந்தால் ஏறிய அன்றோ மறுநாளோ பிடித்துவிடலாம். இந்த இரண்டு நாள் வித்தியாசம் ஒரு அணியையே காப்பாற்றும்.

பிக் டென் செப்டம்பர் 16 அன்று மனம் மாறியதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது: சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் பரிசோதனையைத் தினமும் செய்ய வழி பிறந்தது. செப்டம்பர் 30 முதல் பரிசோதனை, அக்டோபர் 23 வார இறுதியில் ஆட்டம். பாசிட்டிவ் வந்தால் பிசிஆர் வைத்து உறுதிசெய்வது. இந்த உறுதிசெய்யும் படி ஏன் அவசியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் 120, கோச்சும் ஊழியரும் 50, ஆக 170 பேர். வாரம் ஆறு நாள் என்றால் ஏறத்தாழ ஆயிரம் பரிசோதனை. தொற்றே இல்லாத ஆயிரத்தில் ஐந்து தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொண்டால்கூட, வாரம் ஐந்து பேரை வீணாக அறையில் அடைப்பீர்கள். அலபாமா கோச் நிக் சேபனுக்கு அக்டோபர் நடுவில் பாசிட்டிவ் வந்தது. திரும்பத் திரும்பப் பரிசோதித்ததில் நெகட்டிவ் ஆகி, அந்த வார ஆட்டத்துக்கே வந்துவிட்டார். நவம்பர் இறுதியில் வந்த பாசிட்டிவ் நிஜம். ஆபர்ன் ஆட்டத்தை வீட்டிலிருந்துதான் பார்த்தார். பிசிஆர் முடிவு அதே நாளில் வரும் ஏற்பாடு இல்லாத கல்லூரியில் இந்த முறை இயங்காது.

மறுபக்கம், நெகட்டிவ் என்ற சீட்டை நம்பி அறிகுறியை அலட்சியம் செய்வது இதைவிடப் பெரிய பிழை. நவம்பர் 21 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்–கிளெம்சன் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது தள்ளிவைக்கப்பட்டது. வாரத்தில் லேசான அறிகுறி இருந்தும் பரிசோதனையில் நெகட்டிவ் வந்த ஒரு கிளெம்சன் ஆட்டக்காரர் அணியோடு பயணம் செய்தார்; வெள்ளிக்கிழமை முடிவு பாசிட்டிவ். தொண்டை கரகரப்பு இருப்பவன் சீட்டு என்ன சொன்னாலும் விமானம் ஏறக்கூடாது. இந்த ஒரு விதியை எழுத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டாலே அந்த மருத்துவக் குழுவின் தரம் தெரிந்துவிடும்.

அடுத்து, நோய் எங்கே பரவுகிறது. இருபத்திரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிற ஆட்டம், அதனால் மைதானத்தில்தான் தொற்றும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் திறந்த வெளியில் ஒவ்வொரு மோதலும் சில விநாடியில் முடிந்து, அடுத்ததற்கு அரை நிமிட இடைவெளி. முகத்துக்கு முகம் நிற்கும் மொத்த நேரம் குறைவு. தொழில்முறை லீகான என்எஃப்எல், தன் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் நெருக்கத்தை அளக்கும் கருவி மாட்டி, 2020 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சுமார் 11,400 பேருக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனை செய்தது. 329 பேருக்குத் தொற்று. அவர்கள் தேடிக் கண்டது: சாப்பாட்டு மேஜை, கூட்ட அறை, ஒரே காரில் போவது, மாஸ்க் இல்லாத பேச்சு. தொடர்ந்து பதினைந்து நிமிடம் சேர்ந்து இருக்காதவர்களுக்கும் தொற்றியிருந்தது.

இதற்குக் கிட்டத்தில் ஒரு காட்சி. 2020 நவம்பர் 29 அன்று என்எஃப்எல்லின் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கே இல்லை. நால்வரில் ஒருவருக்குத் தொற்று; மற்ற மூவரும் மாஸ்க் சரியாகப் போடாமல் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள். பந்து பிடிக்கிற ஒரு பையனைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்தி 31–3 என்று தோற்றார்கள். கிக்கருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. பந்தைப் பின்னால் எறியும் ஸ்நாப்பர், பிடித்து நிறுத்தும் ஹோல்டர், உதைக்கும் கிக்கர் மூவரும் ஒன்றாகவே திரிவார்கள். மாற்றுக் கிக்கரும் அவர்களோடு இருப்பான். ஒருவன் விழுந்தால் எல்லோரும் போவார்கள். நல்ல அணி மாற்றுக் கிக்கரைத் தனியாக லாக்கர், தனி நேரம், தனி மேஜை என்று பிரித்து வைக்கும். உங்கள் பையன் முதல் வருஷத்தில் பெரும்பாலும் அந்த மாற்றுக் கிக்கராகத்தான் இருப்பான். தனிமை அவனுக்குக் கஷ்டமாக இருக்கும், அவமானம் என்றுகூட எடுத்துக்கொள்வான். அணிக்கு அவன் தேவை என்பதால்தான் பிரிக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அறைக் காற்றைப் பற்றி: காற்றில் பரவும் நோய் என்றால் ஜன்னல் இல்லாத கூட்ட அறைதான் முதல் எதிரி. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். ஆள் நிறைந்த அறையில் 800ஐத் தாண்டினால், அடுத்தவர் விட்ட மூச்சும் கலந்த காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்று பொருள். அணிக் கூட்டங்களைக் கூடாரத்திலோ உள்ளரங்கப் பயிற்சி மைதானத்திலோ வைப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. மனசுதான் வேண்டும்.

விதிகள் இருந்தும் உடைந்த இடமும் உண்டு. விஸ்கான்சின் அக்டோபர் 23 அன்று முதல் ஆட்டத்தில் இல்லினாயை அபாரமாக வென்றது. ஐந்தாறு நாளில் ஆட்டக்காரர் ஆறு, ஊழியர் ஆறு என்று 12 பேர் பாசிட்டிவ். தலைமைக் கோச்சும் அதில் ஒருவர். நெப்ராஸ்கா, பர்டியூ ஆட்டங்கள் இரண்டும் போயின. பிக் டென் வகுத்த வரம்பு இது: ஏழு நாளில் செய்த பரிசோதனைகளில் 5 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ், கூடவே ஆட்களில் 7.5 சதவீதத்துக்கு மேல் தொற்று என்றால், குறைந்தது ஏழு நாள் எல்லாம் நிறுத்தம். 170 பேரில் 7.5 சதவீதம் என்றால் 13 பேர். இப்படி எண்ணில் எழுதிய வரம்பு இருந்தால், ரசிகரும் நன்கொடையாளரும் கத்தினாலும் மருத்துவர் பேப்பரைக் காட்டலாம். எண் இல்லாமல் “நிலைமையைப் பொறுத்து முடிவெடுப்போம்” என்றால், சனிக்கிழமை ஆட்டம் நெருங்க நெருங்க நிலைமை நல்லதாகத்தான் தெரியும்.

இனி இதயம். 2020 கோடையில் பலரைப் பயமுறுத்தியது இதுதான், அந்தப் பயம் நியாயமானதும்கூட. வைரஸ் தொற்றுக்குப் பின் மயோகார்டைடிஸ் என்னும் இதயத் தசை அழற்சி வந்தவன் கடுமையாக ஓடினால், துடிப்பு தாறுமாறாகி மைதானத்திலேயே விழலாம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் எடுவார்டோ ரோட்ரிகஸ் இதனால் 2020 பருவம் முழுவதையும் இழந்தார். அந்தச் செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் மருத்துவர்கள், தொற்று வந்து தேறிய 26 விளையாட்டு வீரர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 4 பேருக்கு இதயத் தசை அழற்சியின் அடையாளம் இருப்பதாக வெளியிட்டார்கள். நூற்றுக்கு 15 என்று செய்தி பரவியது. ஆள் குறைவு, ஒப்பிட நோய் வராத வீரர்களும் இல்லை; ஆனால் அன்று கையில் இருந்தது அதுதான். தெரியாததைப் பார்த்துக் கல்லூரிகள் நிதானித்ததில் தவறில்லை.

பின்னால் பெரிய கணக்குகள் வந்தன. பிக் டென்னின் 13 கல்லூரிகளில் தொற்று வந்த 1,597 பேருக்கும் எம்ஆர்ஐ எடுத்ததில் 37 பேருக்கு அழற்சி, அதாவது 2.3 சதவீதம். அதில் 28 பேருக்கு வந்தது வெளியே தெரியாத வகை அழற்சி. நெஞ்சு வலி, படபடப்பு போன்ற அறிகுறி உள்ளவர்களை மட்டும் எம்ஆர்ஐக்கு அனுப்பியிருந்தால் 5 பேர்தான் சிக்கியிருப்பார்கள். நாடு தழுவிய மற்றொரு பதிவேட்டில், தொற்று வந்த 3,018 கல்லூரி வீரர்களில் 21 பேருக்கு, அதாவது 0.7 சதவீதத்துக்கு, இதயப் பாதிப்பு உறுதியானதோ சந்தேகத்துக்குரியதோ ஆக இருந்தது. எவ்வளவு தேடுகிறோமோ அவ்வளவு கிடைக்கிறது என்பதால்தான் இரண்டு எண்ணும் வேறுபடுகின்றன. இன்றைய வழிகாட்டுதல், அறிகுறியே இல்லாதவனுக்கும் லேசான சளி காய்ச்சலோடு போனவனுக்கும் இதயப் பரிசோதனை தேவையில்லை என்கிறது. நெஞ்சு வலி, அளவுக்கு மீறிய மூச்சு வாங்கல், படபடப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் இசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றும். அதில் ஏதாவது சரியில்லை என்றால் எம்ஆர்ஐ. அழற்சி உறுதியானால் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சி கிடையாது. இதில் பேரம் பேசவே கூடாது.

உங்கள் கையில் இப்போதே இருக்கும் ஒரு வேலை: பையன் நன்றாக இருக்கும்போதே ஒரு இசிஜி எடுத்து, பிரதியை வீட்டில் வையுங்கள். தீவிரப் பயிற்சி செய்பவர்களின் இதயம் சற்றுப் பெரிதாகி, துடிப்பு மெதுவாகி, இசிஜி வித்தியாசமாகத் தெரியும். நோய்க்குப் பின் எடுத்ததை ஒப்பிட, நோய்க்கு முன் எடுத்தது இருந்தால் மருத்துவர் நிமிடத்தில் பிரித்துவிடுவார். இல்லையென்றால் தேவையில்லாத எம்ஆர்ஐயும் மூன்று வாரக் கவலையும்தான் மிச்சம். கூடவே இரண்டு பக்கச் சொந்தத்திலும் விசாரியுங்கள்: ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்கள் யாராவது உண்டா? நம் வீடுகளில் “தூக்கத்திலேயே போய்ட்டார்” என்று சொல்லி முடித்த மரணங்களில் இது ஒளிந்திருக்கும். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் போன் போட்டுக் கேட்டு, அணியின் மருத்துவப் படிவத்தில் எழுதுங்கள்.

தேறி வந்தபின் அவசரப்படுவதும் காயத்தில் முடியும். கிக்கருக்குத் தொடையின் பின்தசையும் இடுப்பு மடிப்பும்தான் போகும். இரண்டு வாரம் படுத்திருந்தவன் முதல் நாளே முழு வீச்சில் உதைத்தால் அடுத்த ஆறு வாரம் பெஞ்சில். ஓய்வுக்குப் பின் பயிற்சி அளவை முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 30, பிறகு 20, பிறகு 10 என்று குறைத்து வைத்து ஏற்றுவது பயிற்சியாளர்கள் ஏற்றுக்கொண்ட முறை. வழக்கமாக வாரம் 100 முழு உதை என்றால் 50, 70, 80, 90 என்று வரும். ஐந்தாவது வாரம்தான் நூறு.

“ஒன்றும் ஆகவில்லை” என்பதற்குத் திரும்ப வருகிறேன். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவின் 20 வயது ஆட்டக்காரர் ஒருவர் கொரோனாவின் பின்விளைவாக இதயத்தில் ரத்தம் உறைந்து இறந்தார். அவர் கல்லூரியில் அந்தப் பருவமே ரத்தாகியிருந்தது. இது இரண்டு பக்கமும் வெட்டும் உண்மை. இளைஞர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய். ஆட்டத்தை ரத்து செய்துவிட்டால் பிள்ளை பத்திரம் என்பதும் பொய். ஆடாவிட்டால் பரிசோதனையும் மருத்துவரும் இல்லாத இடத்துக்குத்தான் நாங்கள் போவோம் என்று லாரன்ஸ் போன்றவர்கள் வாதிட்டதில் கனம் இருந்தது. ஆனால் அந்த வாதம் பரிசோதனை நிஜமாகவே நடக்கும் கல்லூரிக்கு மட்டுமே பொருந்தும்.

உங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கொரோனாவில் வயதானவர்கள் அதிகம் இறந்தார்கள், இளையவர்கள் குறைவு. அடுத்தது அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1918 இன்ஃப்ளுயன்சா இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களைத்தான் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. போரும் நோயும் சேர்ந்து அந்த வருஷக் கல்லூரிப் பருவத்தைச் சிதைத்தன. புத்தாண்டு நாளில் நடக்கும் பெரிய கல்லூரி ஆட்டமான ரோஸ் பௌலில் 1919இல் கல்லூரிகளே இல்லை, கிரேட் லேக்ஸ் கடற்படை அணியும் மேர் ஐலண்ட் மரைன்களும் ஆடினார்கள். அப்படி ஒரு நோய் வந்தால், 2020இல் போட்ட கணக்கு ஒன்றுகூட உதவாது. அன்று என் பதில் தயக்கமில்லாமல் “ஆட வேண்டாம்” என்பதுதான். ஆக, முதலில் கேட்க வேண்டியது: இந்த நோய் எந்த வயதைத் தாக்குகிறது? அது தெரியும்வரை, எத்தனை வாரமானாலும், கல்லூரி காத்திருக்குமா?

பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மெய். ஆனால் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். பெரிய கல்லூரிகளில் ஃபுட்பால் வருமானத்தில்தான் மற்ற விளையாட்டுகள் ஓடுகின்றன. பிக் டென் தள்ளிவைத்த பத்தே நாளில் அயோவா பல்கலைக்கழகம் நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று நான்கு அணிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. பணம் பேராசைக்காக மட்டும் தேவைப்படவில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. அன்று ஆடிய பையன்களுக்கு அந்த டிவி பணத்தில் ஒரு டாலர்கூடக் கிடையாது. வட கரோலினா பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்கி ஒரே வாரத்தில் இளங்கலை வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றியது. ஃபுட்பால் அணி மட்டும் வளாகத்தில் பயிற்சியைத் தொடர்ந்தது. மாணவர்கள் இல்லாத வளாகத்தில் விளையாட்டும் இருக்காது என்று மே மாதம் என்சிஏஏ தலைவர் சொல்லியிருந்தார். பாடம் படிக்க ஆபத்தான இடம், ஆடுவதற்கு மட்டும் எப்படிப் பத்திரமாகும்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025–26 முதல் கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம். ஒரு கல்லூரிக்கு அந்த வருஷ உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஆகவே உங்கள் பையன் கையெழுத்துப் போடுவது உதவித்தொகைக் கடிதத்தில் மட்டுமாக இருக்காது. பணம் பேசும் ஒப்பந்தமும் சேர்ந்து வரலாம். பருவம் ரத்தானால் பணம் என்ன ஆகும், அவனே ஆட மறுத்தால் என்ன ஆகும், வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்ல முடியுமா என்ற மூன்று வரிகளையும் தேடிப் படியுங்கள். புரியவில்லை என்றால் ஒரு வழக்கறிஞருக்கு இரண்டு மணி நேரக் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை.

2020 ஆகஸ்டில் என்சிஏஏ சில நல்ல விதிகள் போட்டது: கொரோனாவுக்குப் பயந்து ஒதுங்கினால் உதவித்தொகையைப் பறிக்கக்கூடாது, சட்ட உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்து வாங்கக்கூடாது, சிகிச்சைச் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது, பருவத்துக்குப் பதிலாக ஒரு வருஷம் கூடுதலாக ஆடலாம். ஆனால் உதவித்தொகை நிலைப்பது வேறு, அணியில் இடம் நிலைப்பது வேறு. ஜமார் சேஸ், பெனே சூவல், மைக்கா பார்சன்ஸ் மூவரும் 2020இல் ஆடாமல் ஒதுங்கினார்கள். என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் முறையே 5, 7, 12ஆம் ஆளாக எடுக்கப்பட்டார்கள். நட்சத்திரங்களுக்கு அது முடியும். முதல் வருஷ மாற்றுக் கிக்கர் ஒதுங்கினால் அந்த இடத்தில் இன்னொரு பையன் வந்து நிற்பான். எல்லோருக்கும் கூடுதல் வருஷம் கிடைத்தபோது பழைய ஆட்டக்காரர்கள் தங்கிவிட, புதிதாக வர வேண்டியவர்களுக்கு இடம் சுருங்கியது. இன்று பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பு வேறு இருக்கிறது. அதனால் கோச்சிடம் இப்படிக் கேளுங்கள்: “உடல்நலக் காரணத்துக்காக ஒரு பருவம் ஒதுங்கினால், அடுத்த வருஷம் அவன் 105இல் இருப்பானா? எழுதித் தருவீர்களா?” வாயால் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே “நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டோம்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. ஆட்டக்காரனை ஆடக்கூடாது என்று தடுக்கும் கடைசி அதிகாரம் கோச்சிடம் இல்லாமல் மருத்துவரிடம்தான் இருக்க வேண்டும். பெரிய கூட்டமைப்புகளில் அப்படித்தான் விதி. ஆனால் அந்த மருத்துவரை நியமிப்பதும் நீக்குவதும் யார் என்று கேளுங்கள். விளையாட்டுத் துறைக்கு வெளியே, மருத்துவமனைக்கோ மாணவர் நலத் துறைக்கோ பதில் சொல்பவர் என்றால் நிம்மதி. தொற்று வந்தவனை எங்கே தங்கவைப்பார்கள், மூன்று வேளைச் சாப்பாடு யார் கொண்டுவருவார்கள், ராத்திரி மூச்சுத் திணறினால் எந்த எண்ணை அழைப்பது என்றும் விசாரியுங்கள். உங்கள் பையன் சைவம் என்றால் இந்தச் சாப்பாட்டுக் கேள்வி இன்னும் முக்கியம். பத்து நாள் அடைபட்ட அறையில் பிரெட்டும் சிப்ஸுமாக ஓட்டினால் உடம்பு தேறாது.

இன்னொரு சிக்கலை யாரும் வெளியே பேசுவதில்லை. 2020இல் பிக் டென் விதிப்படி பாசிட்டிவ் வந்தவன் 21 நாள் ஆட முடியாது. டிசம்பரில்தான் 17 ஆகக் குறைத்தார்கள். எட்டு ஆட்டப் பருவத்தில் மூன்று போய்விடும். தொற்றியவனோடு இருந்தவனுக்கு 14 நாள் தனிமை. இதயத்துக்காகப் போட்ட விதி, நல்ல விதி. ஆனால் அதே விதி பையன்களை வாய் மூட வைக்கும். தலைவலியை மறைப்பார்கள், யாரோடு சாப்பிட்டாய் என்றால் தனியாக என்பார்கள். உண்மையைச் சொன்னவன் தன் இடத்தை இழக்க மாட்டான் என்று கோச் அணி முன்னால் சொல்லியிருக்க வேண்டும், செய்தும் காட்டியிருக்க வேண்டும். மூத்த ஆட்டக்காரர்கள் இருவரைத் தனியாகப் பிடித்து “காயத்தை மறைத்து ஆடுவது இங்கே பெருமையா?” என்று உங்கள் பையனைக் கேட்கச் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்லாததை அவனிடம் சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் மாமனார் மாமியார். உங்கள் வீட்டில் ஆபத்து அதிகம் யாருக்கு என்றால் அவர்களுக்குத்தான். நவம்பர் இறுதியில் தேங்ஸ்கிவிங்குக்குப் பையன் வருவான். குளிர், ஜன்னல் மூடியிருக்கும், எல்லோரும் ஒரே மேஜையில். அப்படி ஒரு காலம் வந்தால், வருவதற்கு முந்தின நாள் பிசிஆர், வந்து முதல் ஐந்து நாள் தனி அறை, முடிந்தால் தனிக் குளியலறை, சாப்பாடு அறைக்கே. தாத்தா பாட்டி உட்காரும் கூடத்தில் ஹெபா வடிகட்டி போட்ட காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று ஓடட்டும். ஐந்தாவது நாள் மறுபடி பரிசோதனை, பிறகு பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். அவர்களுக்கு நீங்கள் எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸைக் கவனமாகப் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள சர்க்கரையால் வரும் சிக்கலுக்குப் பல பாலிசிகள் பணம் தராது, சில கொள்ளைநோயையே விலக்கி வைத்திருக்கும். அந்த நாட்களில் அவர்கள் ஊரிலேயே இருப்பது நல்லதா என்பதை விமானங்கள் நிற்பதற்கு முன் முடிவுசெய்ய வேண்டும். 2020 மார்ச்சில் வந்தவர்கள் பலர் திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

இசிஜியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். கல்லூரிக்குப் போகும்போது அந்தப் பிரதியையும் குடும்ப விவரத்தையும் அணி மருத்துவரிடம் பையனே கையில் கொடுக்கட்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் போன் போட வேண்டியது கோச்சுக்கா மருத்துவருக்கா என்ற குழப்பம் அப்போது அவனுக்கு இருக்காது.